அறை வாடகைக்குக் கிடைக்கும்: ப்ராவின்ஸ்டவுன் எப்படி எல்லாருக்குமான ஊர் ஆச்சு?

இந்த வாரம் ஒரு சின்ன கடலோர ஊரோட கதை. எபிசோடா கேட்டவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், படிக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் சுத்தம் பண்ணி எழுத்தா குடுத்திருக்கோம்.

மேப்ல அமெரிக்காவோட கிழக்குக் கரையைப் பாருங்க. பாஸ்டனுக்குக் கீழ, முழங்கையை மடக்கி முஷ்டியைத் தூக்கிக் காட்டற மாதிரி ஒரு நிலம் கடலுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கும். அதுதான் கேப் காட். அந்த முஷ்டி இருக்கிற இடம் ப்ராவின்ஸ்டவுன். அங்க இருக்கிறவங்க செல்லமா 'பி-டவுன்'னு கூப்பிடுவாங்க. 1620-ல மேஃப்ளவர் கப்பல் முதல்ல நங்கூரம் போட்டது இங்கதான். அஞ்சாறு வாரம் பார்த்துட்டு அவங்க பிளிமத்துக்குக் கிளம்பிட்டாங்க. மெயின் ரோடுன்னு பார்த்தா ரெண்டே ரெண்டுதான். துறைமுகத்தை ஒட்டி கமர்ஷியல் ஸ்ட்ரீட், அதுக்குப் பின்னாடி பிராட்ஃபோர்ட் ஸ்ட்ரீட்.

2020 சென்சஸ்படி மக்கள்தொகை 3,664. ஓ.எம்.ஆர்ல ஒரு பெரிய கேட்டட் கம்யூனிட்டில இதைவிட அதிகம் பேர் இருப்பாங்க. ஆனா கோடையில ஊர்ல இருக்கிறவங்க எண்ணிக்கை 60,000 வரைக்கும் போகும்.

இன்னொரு நம்பர். 2010 சென்சஸை வச்சுப் பார்த்தா, இங்க ஆயிரம் வீட்டுக்குச் சுமார் 163 வீடுகள்ல ஒரே பாலின ஜோடிகள் குடியிருந்தாங்க. கிட்டத்தட்ட ஆறு வீட்டுக்கு ஒண்ணு. அமெரிக்காவிலேயே மேல இருக்கிற கணக்கு அது. அதே ஊர்ல, தலைமுறை தலைமுறையா மீன்பிடிச்ச போர்ச்சுகீசிய கத்தோலிக்கக் குடும்பங்களும் இருக்காங்க. ஒரே தபால் ஆபீஸ், ஒரே பலசரக்குக் கடை, ஒரே ஊர்க்கூட்டம்.

இது எப்படி நடந்துச்சு? 'அமெரிக்கா ப்ரோ, லிபரல் ஊரு, அவ்ளோதான்'னு நீங்க சொல்லலாம். ஆனா அந்தப் பதில் செல்லாது. ஏன்னா 1952-ல இந்த ஊர் நிர்வாகமே தன்பாலீர்ப்பாளர்களைத் துரத்தப் பார்த்துச்சு. அப்போ நடுவுல என்னமோ நடந்திருக்கு. அது என்னன்னுதான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

மீன் போச்சு, ஓவியர்கள் வந்தாங்க

19-ஆம் நூற்றாண்டுல ப்ராவின்ஸ்டவுன் பணக்கார ஊர். திமிங்கில வேட்டை, காட் மீன். இந்த வேலைக்கு அட்லாண்டிக் கடல்ல இருக்கிற அசோர்ஸ் தீவுகள்லேருந்து போர்ச்சுகீசியர்கள் வந்து குடியேறினாங்க. கேப் வெர்ட் தீவுகள்லேருந்தும் வந்தாங்க. கொஞ்ச காலத்துல ஊரோட மீன்பிடித் தொழிலே அவங்க கைக்கு வந்துடுச்சு.

அப்புறம் சரிவு. திமிங்கில எண்ணெய்க்கு மார்க்கெட் போச்சு. 1898 நவம்பர்ல வந்த போர்ட்லாந்து புயல், கரையோரமா இருந்த மரத்துறைகளையும் படகுகளையும் நொறுக்கிப் போட்டுடுச்சு. மீன் உலர்த்தின கொட்டகைகளும், பாய்மரத் துணி தைச்ச மாடிகளும் காலியாச்சு.

சரியா அடுத்த வருஷம், 1899-ல, சார்ல்ஸ் ஹாதோர்ன்னு ஒரு ஓவியர் இங்க ஒரு ஓவியப் பள்ளி ஆரம்பிச்சார். கடல் வெளிச்சம் சும்மா கிடைக்கும், இடம் மலிவு. முதல் உலகப் போர் வந்ததும், ஐரோப்பாவுக்குப் போக முடியாத கலைஞர்கள் நிறைய பேர் இங்க வந்துட்டாங்க. 1916-ல மீன்பிடித் துறையில இருந்த ஒரு பழைய கட்டடத்துல ப்ராவின்ஸ்டவுன் ப்ளேயர்ஸ் குழு, யூஜின் ஓ'நீலோட ஒரு நாடகத்தை முதல்முறையா மேடையேத்தினாங்க. பின்னால நோபல் பரிசு வாங்கின அதே ஓ'நீல்தான்.

கலைஞர்கள் வர்ற ஊருன்னா, நியூயார்க்கோட கிரீனிச் வில்லேஜ் மாதிரி இடங்கள்ல கொஞ்சம் சுதந்திரமா வாழ்ந்து பழகின தன்பாலீர்ப்பாளர்களும் அந்தக் கூட்டத்துல வருவாங்க. வந்தாங்க. சரி, எங்க தங்குவாங்க?

வாடகைக்கு அறை

இந்தக் கதையோட அச்சாணியே இந்த இடம்தான். கரேன் க்ராஹுலிக்னு ஒரு வரலாற்றாசிரியர் 2005-ல இந்த ஊரைப் பத்தி ஒரு முழுப் புத்தகம் எழுதினாங்க. அதுல அவங்க முக்கியமா கவனிச்சவங்க யாருன்னா, போர்ச்சுகீசிய வீட்டுக்காரம்மாக்கள்.

யோசிச்சுப் பாருங்க. வீட்டு ஆம்பளைங்க கடலுக்குப் போயிருக்காங்க. மீன்பாடு ஒரு நாள் இருக்கும், பத்து நாள் இருக்காது. ஆனா வீட்டுல ஒரு அறையை ஒதுக்கிக் கொடுத்தா கோடை முழுக்கக் காசு. அந்தக் காசுதான் பல வீட்டுல அடுத்த குளிர்காலத்தைத் தாண்ட வச்சுச்சு. அறை கேட்டு வந்தவங்கள்ல ரெண்டு ஆண்கள் ஜோடியா இருப்பாங்க, ரெண்டு பெண்கள் ஜோடியா இருப்பாங்க. வாடகை ஒழுங்கா வருது, வீட்டைச் சுத்தமா வச்சுக்கறாங்க, அடுத்த வருஷமும் அதே அறையைக் கேட்டு வர்றாங்க.

சென்னையில 'பேச்சிலருக்கு வீடு கிடையாது'ங்கற போர்டைப் பார்த்து வளர்ந்தவங்க நாம. ஒரு வீட்டு ஓனர் கதவைத் திறக்கறதும் சாத்தறதும் எவ்வளவு பெரிய விஷயம்னு நமக்குத் தனியா சொல்ல வேண்டாம். அந்தம்மாக்கள் யாரும் எந்தக் கொள்கையையும் ஏத்துக்கிட்டுக் கதவைத் திறக்கல. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போனவங்கதான். அவங்களுக்கு வாடகை தேவைப்பட்டுச்சு, வந்தவங்களுக்குக் கதவு தேவைப்பட்டுச்சு. இருபது வருஷம் ஒரே ஆள் ஒரே அறைக்கு வந்தா, அவர் 'அந்த மாதிரி ஆளு'ங்கறது போய், மாடி ரூம்ல தங்கற தெரிஞ்ச மனுஷன் ஆயிடுவார்.

1952: ஊர் நிர்வாகத்தோட வேண்டுகோள்

இது சுலபமா நடந்துச்சுன்னு நினைச்சுடாதீங்க. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அமெரிக்கா முழுக்க தன்பாலீர்ப்பாளர்களை அரசு வேலையிலேருந்து தேடித்தேடி நீக்கின காலம். 1952-ல ப்ராவின்ஸ்டவுனோட செலக்ட்மென் போர்டு, அதாவது நம்ம பேரூராட்சி மன்றம் மாதிரி ஒரு அமைப்பு, ஊர்ல இருக்கிற 'கண்ணியமான மக்களுக்கு' ஒரு பகிரங்க வேண்டுகோள் விட்டுச்சு. இவங்களுக்கு இடம் கொடுக்காதீங்க, ஊரைவிட்டு அனுப்ப உதவுங்கங்கறதுதான் அதோட சாராம்சம்.

அந்த வேண்டுகோளால வேலை நடக்கல. எல்லாரும் மனசு மாறிட்டதால இல்ல. வெறுப்பு இருந்துச்சு, கேலி இருந்துச்சு, போலீஸ் தொந்தரவும் இருந்துச்சு. ஆனா அதுக்குள்ள அரை ஊரோட கோடை வருமானம் அந்த வாடகை அறைகள்ல மாட்டியிருந்துச்சு. வேண்டுகோள் விட்டவங்களோட பக்கத்து வீட்டுக்காரங்களே அறை விட்டுக்கிட்டிருந்தாங்க.

1970-கள்ல நிலைமை அடுத்த கட்டத்துக்குப் போச்சு. விருந்தாளிகளா வந்தவங்க வீடு வாங்க ஆரம்பிச்சாங்க. வயசான வீட்டுக்காரம்மாக்கள்கிட்டேருந்து கெஸ்ட் ஹவுஸ்களை வாங்கி நடத்த ஆரம்பிச்சாங்க. 1978-ல தன்பாலீர்ப்பாள வியாபாரிகள் சேர்ந்து ப்ராவின்ஸ்டவுன் பிசினஸ் கில்டுன்னு ஒரு வணிகர் சங்கம் தொடங்கினாங்க. 1984-ல கெஸ்ட் ஹவுஸ் நடத்தின பெண்கள் சேர்ந்து, அக்டோபர்ல பெண்கள் வாரம்னு ஒண்ணை ஆரம்பிச்சாங்க. ஏன் அக்டோபர்? கோடை முடிஞ்சு ஊர் காலியாகற மாசம் அது. அந்த ஒரு வாரம் எல்லாக் கடைக்கும் வியாபாரம். ரொட்டிக் கடைக்காரர் யாரா இருந்தாலும் அவருக்கும் சேர்த்துத்தான்.

1983: ஊர் நர்ஸ்

இதுவரைக்கும் சொன்னது வியாபார உறவு. அதை வேற ஒண்ணா மாத்தினது எய்ட்ஸ்.

1980-களோட ஆரம்பத்துல இந்த நோய்க்கு மருந்து கிடையாது. எப்படிப் பரவுதுன்னு சரியாத் தெரியாத பயத்துல, பல ஊர்கள்ல நோயாளியைத் தொட ஆள் இல்ல, குடும்பமே கைவிட்ட கதைகளும் நிறைய. அந்த நேரத்துல, 1983-லேயே, ப்ராவின்ஸ்டவுன்ல ஊர் நர்ஸா இருந்த ஆலிஸ் ஃபோலியும், கெஸ்ட் ஹவுஸ் நடத்தின ப்ரெஸ்டன் பாபிட்டும் சேர்ந்து எய்ட்ஸ் ஆதரவுக் குழு ஒண்ணைத் தொடங்கினாங்க. நாட்டுல இந்த மாதிரி தொடங்கின ஆரம்பகாலக் குழுக்கள்ல அதுவும் ஒண்ணு.

அங்க இருந்த பிரச்சினை ரொம்ப நடைமுறையானது. பெரிய ஆஸ்பத்திரி பாஸ்டன்ல. ரோடு வழியா 185 கிலோமீட்டர் பக்கம். நடக்கவே முடியாத ஒருத்தரைக் குளிர்காலத்துல யார் கூட்டிட்டுப் போறது? சாப்பாடு யார் செஞ்சு கொடுக்கறது? ராத்திரி யார் பக்கத்துல உட்கார்ந்திருக்கறது? ஊர்க்காரங்க முறை போட்டுக்கிட்டாங்க. கார் ஓட்டினாங்க, சமைச்சாங்க, துணி துவைச்சாங்க. தன்பாலீர்ப்பாளர்களும் செஞ்சாங்க, மத்தவங்களும் செஞ்சாங்க. மூவாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊர்ல, சாகப்போறவர் யாரோ ஒருத்தரா இருக்க முடியாது. நேத்து வரைக்கும் உங்களுக்குக் காபி கொடுத்தவரா இருப்பார், உங்க வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சவரா இருப்பார்.

இங்க கவனிப்பு கிடைக்குதுன்னு தெரிஞ்சதும், வெளியூர்லேருந்தும் நோயாளிகள் வந்தாங்க. சிலர் இங்க சாகறதுக்காகவே வந்தாங்க. நூத்துக்கணக்கான பேரை இந்தச் சின்ன ஊர் அடக்கம் பண்ணுச்சு. 1988-லேருந்து ஒவ்வொரு செப்டம்பரும் துறைமுகத்துக் குறுக்க நீந்தி நிதி திரட்டறாங்க. ஸ்விம் ஃபார் லைஃப்னு பேர். 2018-ல டவுன் ஹால் பக்கத்துலேயே ஒரு எய்ட்ஸ் நினைவுச் சின்னம் வச்சாங்க. பெரிய கல்லு, மேல்பரப்பு கடல் அலை மாதிரி செதுக்கினது. டவுன் ஹால் பக்கத்துலங்கறதைக் கவனிங்க. 1952-ல வேண்டுகோள் விட்டுச்சே, அதே ஊர் நிர்வாகம் நடக்கிற இடம்.

ஒரே ஹாலுக்குள்ள

இந்த ஊருக்கு இன்னொரு ஏற்பாடு உண்டு, நியூ இங்கிலாந்து பகுதியோட பழைய வழக்கம். டவுன் மீட்டிங். வாக்காளரா பதிவு பண்ணின யார் வேணும்னாலும் நேரா வந்து உட்கார்ந்து, பேசி, ஊர் பட்ஜெட்டுக்கு ஓட்டுப் போடலாம். பிரதிநிதி மூலமா இல்ல, நேரடியா. குப்பை லாரி, கழிவுநீர்க் குழாய், ஸ்கூல் பட்ஜெட், பார்க்கிங் கட்டணம் எல்லாம் அங்கதான் முடிவாகும். படகுக்காரரும், கெஸ்ட் ஹவுஸ்காரரும், அவரோட கணவரும் ஒரே ஹால்ல உட்கார்ந்து கழிவுநீருக்காகச் சண்டை போடணும். கழிவுநீர் விஷயத்துல யார் யாரைக் காதலிக்கறாங்கங்கறது எந்தப் பக்கத்துக்கும் உதவாது. இப்படி வருஷக்கணக்கா சண்டை போட்டே பழகினாங்க.

2004 மே 17-ல மாசசூசெட்ஸ் மாநிலத்துல ஒரே பாலினத் திருமணம் சட்டப்படி ஆரம்பிச்சுது, நாட்டிலேயே முதல் மாநிலமா. வெளிமாநில ஜோடிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கக்கூடாதுன்னு, 1913-ல போட்ட ஒரு பழைய சட்டத்தைக் காட்டி கவர்னர் மிட் ராம்னி சொன்னார். 'நாங்க கொடுப்போம்'னு ப்ராவின்ஸ்டவுன் முடிவெடுத்துச்சு. முடிவெடுத்தது யாரு? அதே செலக்ட்மென் போர்டு. 52 வருஷ இடைவெளி. மாநில அரசு சீக்கிரமே தடுத்துடுச்சு, ஆனா 2008-ல அந்த 1913 சட்டத்தையே ரத்து பண்ணிட்டாங்க.

'எல்லாரும் சந்தோஷமா வாழ்ந்தாங்க'ன்னு இத்தோட முடிச்சா கதை பொய்யாயிடும். 2006-ல ஒரே பாலினத் திருமணத்துக்கு எதிரான ஒரு மனுவுல கையெழுத்துப் போட்டவங்க பேரை இணையத்துல வெளியிட்டாங்க. அதுல ப்ராவின்ஸ்டவுன்காரங்களும் இருந்தாங்க. ஊர்ல வசவு பறந்துச்சு. இந்தத் தடவை திட்டினவங்க தன்பாலீர்ப்பாளர்கள், திட்டு வாங்கினவங்க மத்தவங்க. அதே சமயம், ஹோட்டல்கள்ல வேலை பார்க்க வந்த ஜமைக்கா தொழிலாளர்கள் தங்களை நிறத்தை வச்சு இழிவுபடுத்தறாங்கன்னு சொன்னாங்க. ஊர்த் தலைவர்கள் பொதுக்கூட்டம் போட்டு இதைப் பேச வேண்டியதாச்சு. ஒடுக்கப்பட்டவங்க கைக்கு அதிகாரம் வந்தா அவங்க தானா நியாயமா நடந்துப்பாங்கன்னு எந்த கேரன்டியும் கிடையாது. ஆனா உட்கார்ந்து பேச ஒரு ஹால் ஏற்கனவே இருந்துச்சு.

2021: ஒரு ஸ்ப்ரெட்ஷீட்

நம்ம டெக் மக்களுக்கு ரொம்பப் பிடிக்கிற பகுதி இது. 2021 ஜூலை. தடுப்பூசி போட்டாச்சு, கொரோனா முடிஞ்சுதுன்னு கூட்டம் கூட்டமா பி-டவுனுக்கு வந்தாங்க. திடீர்னு தடுப்பூசி போட்டவங்களுக்கே காய்ச்சல். விடுமுறைக்கு வந்திருந்த ஒரு டேட்டா சயின்டிஸ்ட், நண்பர்கள்கிட்ட விசாரிச்சு யாருக்கு எப்போ அறிகுறி, என்ன தடுப்பூசி, எங்க போனாங்கன்னு ஒரு லிஸ்ட் போட்டு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.க்குத் தெரியப்படுத்தினார். அதுக்கப்புறம் நடந்த ஆய்வுல மாசசூசெட்ஸ்காரங்க மட்டும் 469 பேருக்குத் தொற்று உறுதியாச்சு. அதுல 74 சதவீதம் பேர் முழுசா தடுப்பூசி போட்டவங்க. டெல்டா வகை எப்படிப் பரவுதுன்னு உலகத்துக்கே புரிய வச்ச டேட்டா இது. சி.டி.சி. மாஸ்க் அறிவுரையை மாத்தினதுக்கும் இது ஒரு காரணம்.

அந்த டேட்டா எப்படிக் கிடைச்சுது? நோய் வந்தவங்க மறைக்கல. எந்த பார்ல இருந்தோம், யாரோட இருந்தோம்னு வெக்கப்படாம சொன்னாங்க. எய்ட்ஸ் காலத்துலேருந்து வந்த பழக்கம் அது. மறைச்சா அடுத்தவன் செத்துப்போவான்னு முப்பது வருஷம் முன்னாடியே கத்துக்கிட்ட சமூகம். நாம எந்தக் கோடையும் முன்கூட்டியே டிசைன் பண்ணிட்டதா நினைச்சுப்போம், ஆனா பாதி சிஸ்டம் ஒவ்வொரு அவசரத்துக்கும் போட்ட பேட்ச்சாலதான் ஓடும். இந்த ஊரும் அப்படித்தான்.

இப்போ என்ன ஆபத்து?

வெறுப்பு இல்ல. வாடகை.

1961-ல கேப் காட் நேஷனல் சீஷோர்னு பாதுகாக்கப்பட்ட கடற்கரைப் பகுதியை அறிவிச்சாங்க. ப்ராவின்ஸ்டவுன் நிலத்துல பெரும்பகுதி அதுக்குள்ள போயிடுச்சு. மணல்மேடும் காடும் பிழைச்சுது, நல்லது. ஆனா வீடு கட்ட இடம் கிடையாது. இருக்கிற வீட்டைப் பணக்காரங்க கோடைக்கு மட்டும் வந்து தங்க வாங்கறாங்க, இல்லன்னா நாள் வாடகைக்கு ஆன்லைன்ல போடறாங்க. வருஷம் முழுக்கக் குடியிருக்கிறவங்களுக்கு வீடு கிடைக்கல. குழந்தை குட்டி இருக்கிற குடும்பங்கள் முதல்ல கிளம்பினாங்க. 2013-ல ஊரோட ஹைஸ்கூலையே மூடிட்டாங்க. கடைசி பேட்ச்ல 8 பேர். இப்போ எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் ஊர்ல, மேல படிக்க பஸ் ஏறணும்.

பழைய ஏற்பாட்டோட ஞாபகம் வச்சு இதைப் பாருங்க. அந்தக் காலத்துல வீட்டுக்காரம்மா அதே வீட்டுல இருந்தாங்க. காலையில விருந்தாளி முகத்தைப் பார்த்தாங்க. இப்போ ஓனர் வேற ஊர்ல, சாவி கதவுல மாட்டின நம்பர் பூட்டுல. காசு கை மாறுது, முகம் பார்க்கறது இல்ல. அப்படியிருந்தா 1983-ல கார் ஓட்டினவங்க எங்கேருந்து வந்திருப்பாங்க?

ஊர் இதைப் புரிஞ்சுக்கிட்டு சில வேலைகள் செய்யுது. வருஷம் முழுக்க குடியிருக்கிறவங்களுக்காக ஒரு வீட்டு வாடகை அறக்கட்டளை வச்சு, ஹார்பர் ஹில்னு ஒரு குடியிருப்பை ஊரே வாங்கி வாடகைக்கு விடுது. அதுக்கும் டவுன் மீட்டிங்லதான் ஓட்டு. இது போதுமான்னு கேட்டா, போதாது. ஆனா ஹால்ல வந்து கை தூக்கறதுக்காவது ஆள் ஊர்ல குடியிருக்கணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

போர்ச்சுகீசியக் குடும்பங்கள் எண்ணிக்கையில குறைஞ்சாச்சு. ஆனாலும் 1948-லேருந்து ஜூன் மாசத்துல படகுகளை ஆசீர்வதிக்கிற விழா தொடருது. 2003-ல துறைமுகத்துல, தண்ணிக்கு மேல நிக்கிற ஒரு பழைய கட்டடத்துச் சுவர்ல அஞ்சு பெரிய கருப்பு-வெள்ளைப் படங்களை மாட்டினாங்க. அஞ்சும் வயசான போர்ச்சுகீசியப் பெண்கள். நார்மா ஹோல்ட் எடுத்த போட்டோக்கள். 'அவர்களும் கடலை எதிர்கொண்டார்கள்'ங்கறதுதான் அதோட பேருக்கு அர்த்தம். படகுல வர்றவங்க ஊருக்குள்ள காலடி வைக்கறதுக்கு முன்னாடியே அந்த முகங்களைத்தான் பார்ப்பாங்க.

அவ்ளோதான் மக்களே. உங்க தெருவுல, உங்க அபார்ட்மென்ட்ல யாருக்கு வீடு கிடைக்கல, என்ன காரணம் சொல்லிக் கதவைச் சாத்தறாங்கன்னு எழுதி அனுப்புங்க. பேர் போடாம அடுத்த எபிசோட்ல அதைப் பத்திப் பேசலாம்.